கண்ணாடி இழைக்கு எத்தனை சட்டை?

தூத்துக்குடிக் கரையில் இறங்கும் ஒரு கடலடி வடம், மன்னார் வளைகுடாவைத் தாண்டி, கொழும்புக்குத் தெற்கே கல்கிசையில் கரையேறுகிறது. பாரத் லங்கா கேபிள் என்று பெயர். நம்ம பிஎஸ்என்எல்லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து போட்டது. சுமார் 320 கிலோமீட்டர் நீளம். 2006-இல் பயன்பாட்டுக்கு வந்தது. வடத்தின் பருமனைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அதில் செய்தி சுமப்பவை தலைமுடி அளவுக் கண்ணாடி இழைகள் மட்டும்தான். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. மற்றதெல்லாம், அந்தப் பசை, அந்த எஃகு, அந்த பிளாஸ்டிக் எல்லாம், கண்ணாடிக்குப் போட்ட சட்டைகள்.

இதே கண்ணாடியின் பங்காளி ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சிறுநீரகக் கல்லை லேசர் வைத்து உடைக்கிறோம் என்று டாக்டர் சொன்னால், அந்த லேசர் ஒளி பெட்டியிலிருந்து கல் வரைக்கும் போவது இதே மாதிரி ஒரு இழை வழியாகத்தான். ஆனால் கடலடி இழைக்குக் கிடைக்கும் வாழ்க்கை இவருக்குக் கிடையாது. கடலில் இருப்பவர் போட்ட இடத்தில் வருஷக்கணக்காகப் படுத்திருப்பார். ஆஸ்பத்திரிக்காரரை வளைப்பார்கள், நுழைப்பார்கள், இழுப்பார்கள், நுனியை எரிப்பார்கள், வெட்டுவார்கள், கொதிக்கும் ஆவியில் வைப்பார்கள், மறுநாள் திரும்பவும் கூப்பிடுவார்கள்.

இழை ஒளியியலின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒளியின் கதையைச் சொல்வார்கள். மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு, ஒரு அமைப்பு எப்படி ஓடுகிறது என்பதைவிட எங்கே உடைகிறது என்பதில்தான் ஆர்வம் அதிகம். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த வரலாறு சட்டைகளின் வரலாறாகத் தெரிகிறது.

*

முதல் சட்டைகளைத் தைத்தவர்களில் இரண்டு பேர் டாக்டர்கள். அப்போது கண்ணாடி கிடையாது, செப்புக்கம்பியும் இரும்புக்கம்பியும்தான்.

வில்லியம் புரூக் ஓ'ஷாக்னஸி அயர்லாந்துக்காரர். காலரா நோயாளியின் ரத்தத்திலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுகின்றன, அவற்றைத் திரும்ப ஏற்ற வேண்டும் என்று 1830களின் தொடக்கத்திலேயே சொன்னவர். இன்று நாம் ஏற்றிக்கொள்ளும் சலைன் பாட்டிலின் பூர்வ கதையில் அவருக்கு ஓர் இடம் உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தபோது, 1839-இல் தந்திப் பரிசோதனையில் இறங்கினார். ஹூக்ளி ஆற்றின் அடியில் கம்பியைக் கொண்டுபோக வேண்டும். தண்ணீர் பட்டால் மின்சாரம் கசிந்துவிடும். அவர் கண்டுபிடித்த வழி முழுக்க உள்ளூர்ச் சரக்கு: கம்பிக்குக் கீல் பூசி, பிளந்த பிரம்புக்குள் வைத்து, தார் தோய்த்த நூலைச் சுற்றினார். பின்னாளில் இந்தியத் தந்தித் துறைக்கே அவர்தான் தலைவர்.

இன்னொருவர் வில்லியம் மாண்ட்காமரி, சிங்கப்பூரில் இருந்த அறுவை மருத்துவர். மலாய்க்காரர்கள் தங்கள் கத்திகளுக்கு ஒரு மரப்பாலில் பிடி செய்வதைக் கவனித்தார். வெந்நீரில் போட்டால் இளகும். ஆறினால் இறுகி வடிவம் பிடிக்கும். அறுவைக் கருவிகளுக்குக் கைப்பிடி செய்ய உதவுமே என்று நினைத்து 1843-இல் லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். அதுதான் குட்டா பெர்ச்சா. உங்களில் யாராவது பல்லுக்கு ரூட் கெனால் செய்திருந்தால், அந்த மரப்பால் இந்த நிமிஷம் உங்கள் வாயில் இருக்க வாய்ப்பு அதிகம். கடல் தண்ணீரில் கெடாது, மின்சாரத்தைக் கசியவிடாது என்று தெரிந்ததும், அது உலகத்தின் கடலடித் தந்திக் கம்பிகளுக்கெல்லாம் உள்சட்டை ஆகிவிட்டது.

உள்சட்டை மட்டும் போதாது என்பது 1850-இல் தெரிந்தது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே குட்டா பெர்ச்சா மட்டும் பூசிய கம்பியைப் போட்டார்கள். சில செய்திகள் போனதோடு சரி, கம்பி அறுந்துவிட்டது. ஒரு மீனவரின் கையில் சிக்கியதாகச் சொல்வார்கள். மறுவருஷம் அதே கம்பிக்கு வெளியே சணலும் இரும்புக் கம்பிகளும் சுற்றிப் போட்டார்கள், நின்றது. 1858-இல் இந்தியாவையும் இலங்கையையும் கடலடித் தந்தி இணைத்தபோது இந்தப் பாடம் தெரிந்திருந்தது. நீருக்கு ஒரு சட்டை, நங்கூரத்துக்கும் பாறைக்கும் வேறொரு சட்டை. எதிரி எத்தனை பேரோ, அத்தனை அடுக்கு.

*

இப்போது ஒளிக்கு வருவோம். அதற்கு முத்துக்குளிப்பவரின் கண் நமக்கு உதவும்.

பாரில் இறங்கிய ஒருவர் கடலடியிலிருந்து நேராக மேலே பார்த்தால் வானம் தெரியும். ஆனால் முழு வானமும் தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகி, கடலின் அடியையே திருப்பிக் காட்டும். நீரிலிருந்து காற்றுக்குள் போக நினைக்கும் ஒளி, செங்குத்திலிருந்து சுமார் 49 பாகைக்கு மேல் சாய்ந்துவிட்டால் வெளியே போக முடியாது, முழுசாகத் திரும்பிவிடும். முழு அக எதிரொளிப்பு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது இதைத்தான். மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஒளி இப்படித் திரும்பித் திரும்பியே ஓடுகிறது.

இதை உடம்புக்குள் பார்க்கப் பயன்படுத்தலாம் என்று நினைத்த முன்னோடிகளில் ஒருவர் ஹைன்ரிச் லாம். மியூனிக்கில் மருத்துவ மாணவர். 1930-இல் இழைகளைக் கட்டாகக் கட்டி, எரியும் பல்பின் இழையை மறுமுனையில் மங்கலாகப் பார்த்தார். வயிற்றுக்குள் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. மங்கலைத் தாண்டி அது போகவில்லை. யூதரான அவர் பிறகு அமெரிக்காவுக்குப் போய்விட நேர்ந்தது.

ஏன் மங்கல்? இழைக்குச் சட்டை இல்லை, அதுதான் காரணம். வெறும் கண்ணாடி இழைக்குள் ஒளி தங்க வேண்டுமானால், வெளியே காற்று மாதிரி ஒளிவிலகல் குறைந்த ஒன்று இருக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்டாலோ, பக்கத்து இழை உரசினாலோ, ஒரு கீறல் விழுந்தாலோ அந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும்.

1954 ஜனவரியில் நேச்சர் இதழில் ஒரே சமயத்தில் இரண்டு குறிப்புகள் வந்தன. ஒன்று, லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹெரால்ட் ஹாப்கின்ஸும் அவருடைய மாணவர் நரிந்தர் சிங் கபானியும் எழுதியது. கபானி 1926-இல் பஞ்சாபின் மோகாவில் பிறந்தவர். இழைக்கட்டு வழியாகத் தெளிவான படத்தை அனுப்பிக் காட்டியது அவர்கள் சாதனை. மற்றொன்று, நெதர்லாந்தின் ஆபிரகாம் வான் ஹீல் எழுதியது. அவர் சொன்னது சட்டையைப் பற்றி: ஒவ்வொரு இழைக்கும் ஒளிவிலகல் குறைந்த ஒரு பூச்சைப் போட்டுவிடு, பிறகு வெளியே எது பட்டாலும் கவலையில்லை. பிரையன் ஓ'பிரையன் என்ற அமெரிக்கர் அவருக்குச் சொன்ன யோசனை இது.

பூச்சாக பிளாஸ்டிக்கையும் மெழுகையும் போட்டுப் பார்த்தார்கள், முழுதாகச் சரிப்படவில்லை. 1956 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் கர்ட்டிஸ் என்ற இளங்கலை மாணவர், கண்ணாடிக் குச்சியை வேறு ரகக் கண்ணாடிக் குழாய்க்குள் செருகி, இரண்டையும் சேர்த்து உருக்கி இழுத்தார். கண்ணாடிக்குக் கண்ணாடியே சட்டை. சில வாரங்கள் கழித்து, 1957 பிப்ரவரியில், பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற வயிற்று மருத்துவர் அந்த இழைகளால் செய்த கருவியை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். எண்டோஸ்கோப்பியின் இன்றைய வடிவம் அங்கேதான் ஆரம்பம். இன்றும் உள்ளே ஒரு கண்ணாடி, அதைச் சுற்றி ஒளிவிலகல் குறைந்த ஓர் உறை என்பதுதான் எந்த ஒளியிழைக்கும் அடிப்படை.

*

1960 மே மாதம் தியோடர் மெய்மன் முதல் லேசரை ஒளிரவைத்தார். டாக்டர்கள் காத்திருக்கவில்லை. 1961 முடிவதற்குள் நியூயார்க்கில் சார்லஸ் கேம்ப்பெல் என்ற கண் மருத்துவர், சார்லஸ் கோஸ்டர் என்ற இயற்பியலாளரோடு சேர்ந்து, ஒரு நோயாளியின் விழித்திரைக் கட்டியை ரூபி லேசரால் சுட்டார். 1963-இல் விழித்திரையை லேசரால் சுடுவது பற்றி நேச்சரில் வந்த கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் நமக்குத் தெரிந்தவர்: கபானி. கலிஃபோர்னியாவில் சொந்தக் கம்பெனி நடத்திக்கொண்டு இழையிலும் லேசரிலும் ஒருசேர வேலை பார்த்தார். 2020-இல் இறந்தார், அடுத்த வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தோம்.

கண்ணுக்கு ஒளி நேராகப் போய்விடும், ஊடுருவ வழி இருக்கிறது. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் அப்படி முடியாது. வளைந்து போக இழை வேண்டும். இங்கேதான் ஒரு புதுச் சிக்கல். எண்டோஸ்கோப்பில் இழை சுமந்தது வெறும் வெளிச்சம். லேசரில் அது சுமக்க வேண்டியது நெருப்பு.

எல்லா லேசருக்கும் எல்லா இழையும் ஒத்துவராது என்பதும் தெரியவந்தது. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல், 1964-இல் பெல் ஆய்வகத்தில் கார்பன்டைஆக்சைடு லேசரை உருவாக்கினார். திசுவை அருமையாக வெட்டும். ஆனால் அதன் அலைநீளமான 10.6 மைக்ரானைச் சாதாரண சிலிக்கா கண்ணாடி விழுங்கிவிடும். எத்தனை சட்டை போட்டாலும் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் அந்த லேசரை இன்றும் பல இடங்களில் கண்ணாடிகள் பொருத்திய மடக்குக் கை வழியாக அனுப்புகிறார்கள்.

1973-இல் மியூனிக்கில் நாத், கோரிஷ், கீஃப்ஹாபர் மூவரும் வளையும் குவார்ட்ஸ் இழை வழியே எண்டோஸ்கோப்புக்குள் லேசரைக் கொண்டுபோனதை அறிவித்தார்கள். லாம் தோற்ற அதே ஊர். வயிற்றுப் புண்ணில் ரத்தம் பீறிடும்போது வெளியிலிருந்தே சுட்டு நிறுத்துவது நோக்கம். அந்தக் காலத்து வயிற்று லேசர் இழைகளுக்கு ஒரு விசேஷச் சட்டை வந்தது. இழையை டெஃப்லான் குழாய்க்குள் வைத்து, இடைவெளியில் வாயுவை ஓடவிட்டார்கள். ஏனென்றால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் ஒட்டினால் போதும். அது ஒளியை உறிஞ்சிக் கருகும், கருகியது இன்னும் உறிஞ்சும், நுனி உருகிப் போகும். வாயு ரத்தத்தைத் தள்ளி வைத்தது, நுனியைக் குளிரவும் வைத்தது. காற்றாலேயே ஒரு சட்டை.

*

அதே 1973-இல் தூத்துக்குடியில் வேறோர் அறுவை சிகிச்சை வெற்றி பெற்றது. நோயாளி ஒரு சிப்பி.

1961-க்குப் பிறகு இந்தக் கரையில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி, வேப்பலோடைப் பண்ணையில் சிப்பிகளை வளர்த்து, உள்ளே ஓட்டினால் செய்த சிறு மணியையும் இன்னொரு சிப்பியின் மேலுறைத் திசுத் துண்டையும் சேர்த்து வைத்து, 1973 ஜூலையில் முழு உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்தார். முத்து என்பது என்ன? உள்ளே வந்த அந்நியப் பொருளைச் சுற்றிச் சிப்பி போடும் சட்டை. ஒரு மைக்ரானுக்கும் குறைவான சுண்ணாம்புத் தகடுகள், நடுவே புரதப் பசை, மறுபடி தகடு. ஆயிரக்கணக்கான அடுக்கு.

இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கடலடி வடத்தின் சட்டை உள்ளே இருப்பதை வெளியிலிருந்து காக்கிறது. முத்தின் சட்டை நேர் எதிர்; வெளியே இருக்கும் சதையை உள்ளே இருப்பதிடமிருந்து காக்கிறது. மருத்துவ லேசர் இழைக்கு இந்த இரண்டு வேலையும் உண்டு. உடம்பிடமிருந்து இழையைக் காக்க வேண்டும், இழையிடமிருந்து உடம்பையும் காக்க வேண்டும். தொலைத்தொடர்பு இழையை அப்படியே எடுத்து ஆஸ்பத்திரியில் பயன்படுத்த முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

*

சிறுநீரகக் கல்லுக்கு வருவோம். வெயிலும் குறைவாகத் தண்ணீர் குடிப்பதும் கல்லுக்குத் தோதான சூழல். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். வெட்டவெளி, கண்கூசும் வெள்ளை, ஒதுங்க மரம் கிடையாது. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே தள்ளிப்போடும் பெண்கள் உண்டு. இந்தக் கரையில் கல் என்பது பெரிய இடத்து வியாதி இல்லை.

1990களிலிருந்து கல்லை உடைக்கப் பரவலாக வந்தது ஹோல்மியம் லேசர். அலைநீளம் சுமார் 2.1 மைக்ரான், கண்ணுக்குத் தெரியாது. சிறுநீர்ப் பாதை வழியாக ஸ்கோப்பை மேலே ஏற்றி, அதில் உள்ள 1.2 மில்லிமீட்டர் அளவுத் துளைக்குள் இழையைச் செருகி, நுனியைக் கல்லுக்குக் கிட்டே வைத்துச் சுடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 மைக்ரான் கண்ணாடி வழியே சராசரியாக 20 வாட் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 64,000 வாட். உப்பளத்தின் உச்சி வெயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.1 வாட்தான். ஆறு லட்சம் மடங்குக்கு மேல்!

இந்தச் சுமையோடு இழை எங்கெல்லாம் உடையும்?

முதலில், பெட்டியில் செருகும் முனை. அங்கே ஒரு தூசி இருந்தால் அது எரிந்து கண்ணாடியில் குழி விழும். குழியில் பட்டுத் திரும்பும் ஒளி லேசர் பெட்டியின் லென்ஸையே தாக்கும். அதற்காகப் பெட்டிக்குள் லென்ஸுக்கு முன்னால் ஒரு காப்புக் கண்ணாடி வைத்திருப்பார்கள். அடி விழுந்தால் அது உடையும், லென்ஸ் பிழைக்கும். மாற்றிக்கொள்ளலாம். இழையின் முனைக்கு ஒரு சின்ன மூடியும் உண்டு. மூடியைத் தொலைப்பது சுலபம், அதனால் வரும் செலவு பெரிது.

இரண்டாவது, வளைவு. சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் கல் இருந்தால் ஸ்கோப்பின் நுனியை முக்கால் வட்டம் வரை மடக்க வேண்டியிருக்கும். வளைவு கூடினால் ஒளியின் சாய்வு மாறி, உள்ளே திரும்ப வேண்டியது உறைக்குள் கசியும். கசிந்த ஒளி மேல்சட்டையைச் சூடாக்கும். ஏற்கெனவே ஒரு மயிரிழைக் கீறல் இருந்தால் அந்த இடத்தில் இழை முறியும். லேசரோ நிற்காமல் வந்துகொண்டிருக்கும். ஸ்கோப்பின் உட்சுவர் பொத்துவிடும். பல லட்ச ரூபாய்க் கருவி ஒரு நொடியில் வீண். முறிந்த கண்ணாடித் துண்டு உள்ளே விழுந்தால் தேடி எடுக்க வேண்டும். அதனால்தான் ஸ்கோப் நேராக இருக்கும்போதே இழையைச் செருகு, பிறகு மடக்கு என்று சொல்லித் தருகிறார்கள். மடங்கிய ஸ்கோப்புக்குள் இழையைத் தள்ளினால் அதன் கூர் நுனி துளையின் சுவரைக் கிழிக்கும்.

மூன்றாவது எதிரி சத்தம் போடாதது. தண்ணீர். கண்ணாடியின் பலம் அதன் கீறல்களைப் பொறுத்தது என்று ஏ. ஏ. கிரிஃபித் 1920-இலேயே காட்டினார். இழுவையிலோ வளைவிலோ இருக்கும் கண்ணாடிக் கீறலின் நுனிக்கு நீர் மூலக்கூறு போய்ச் சேர்ந்தால், அங்கே சிலிக்கனும் ஆக்சிஜனும் பிடித்திருக்கும் கை விடுபடும். கீறல் ஓர் அணு நீளும். இன்னும் ஒன்று. ஒருநாள் திடீரென்று முறியும். பார்ப்பவர்களுக்குக் காரணமே தெரியாது. அதனால் தொழிற்சாலையில் உருகி இறங்கும் இழை வேறு எதையும் தொடும் முன்பே பூச்சு போட்டுவிடுகிறார்கள். தொலைத்தொடர்பு இழைக்குப் போடும் அக்ரிலேட் பூச்சு ஆஸ்பத்திரியின் 121, 134 பாகை ஆவிக்குத் தாங்காது. எனவே மருத்துவ இழைக்குப் பாலிஇமைடோ, கெட்டியான ஃப்ளோரோபாலிமரோ போட்டு, அதற்கு மேல் டெஃப்லானின் உறவினரான ஈடிஎஃப்ஈ பிளாஸ்டிக்கில் மேல்சட்டை போடுகிறார்கள். தண்ணீர் உள்ளேயும் எதிரிதான். கண்ணாடிக்குள்ளேயே நீரின் மிச்சமான ஓஎச் இருந்தால் ஹோல்மியம் ஒளியை அது உறிஞ்சும். அதற்கென்றே ஓஎச் குறைந்த கண்ணாடி தனியாகச் செய்கிறார்கள்.

*

இவ்வளவு சட்டைக்கும் பிறகு மிஞ்சுவது பயன்படுத்தும் கை.

சில இழைகளை ஒருமுறைக்கு மட்டும் என்று விற்கிறார்கள்; சிலவற்றை இத்தனை முறை என்று எண் போட்டு விற்கிறார்கள். விலை கட்டுப்படியாகாத நம் நாட்டில் ஒருமுறை இழையும் பல முறை ஓடுவது ரகசியம் இல்லை. இதை எடுத்த எடுப்பில் குற்றம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இழையின் விலை கடைசியில் உப்பளத்துக்காரரின் பில்லில்தான் ஏறும். ஆனால் ஒவ்வொரு மறுபயன்பாட்டிலும் என்ன நடக்கிறது என்று இப்போது நமக்குத் தெரியும். நுனியை வெட்டுகிறார்கள், மேல்சட்டையை உரிக்கிறார்கள், கழுவுகிறார்கள், ஆவியில் வைக்கிறார்கள், சுருட்டி வைக்கிறார்கள். இறுக்கிச் சுருட்டிய ஈர இழை என்பது மேலே சொன்ன கீறல் கதைக்கு அச்சு அசலான சூழல். எத்தனை முறை ஓடியது என்று எழுதாத இழையின் ஆயுளை யாரும் சொல்ல முடியாது. எங்கள் தொழிலில் லாக் இல்லாத சர்வரை நம்பி யாரும் தூங்கப் போவதில்லை. இங்கே ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: இழையின் எண், தேதி, எத்தனையாவது முறை, எவ்வளவு வெட்டினோம்.

சோதனையும் எளிமைதான். கண்ணுக்குத் தெரியாத லேசரோடு சிவப்பிலோ பச்சையிலோ ஒரு வழிகாட்டி ஒளியும் அதே இழையில் வரும். சுடுவதற்கு முன் அதை ஒரு வெள்ளைப் பரப்பில் காட்டிப் பார்க்க வேண்டும். வட்டம் ஓரம் சிதறாமல் விழுந்தால் நுனி நல்லது. இழையின் நடுவில் எங்காவது அந்த நிறம் மினுங்கினால் அங்கே முறிவு இருக்கிறது. குப்பையில் போட வேண்டும். அரை நிமிஷ வேலை. இதைச் செய்பவர் பெரும்பாலும் டாக்டர் இல்லை. அறுவை அறையின் டெக்னீஷியன் அல்லது நர்ஸ்.

முத்துக்குளிக்க இறங்குபவரின் இடுப்புக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் ஒரு பேச்சு உண்டு. அக்கா தங்கச்சி தாலி அறுக்கக் கூடாது என்ற பயத்தில் அவன் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்க மாட்டான் என்பது கணக்கு. ஆனால் அந்தப் பயம் மட்டும் போதாது. கயிறு எத்தனை முறை நனைந்தது, எங்கே நைந்திருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அறுவை அறையில் இழையைப் பிடித்திருப்பவர் நமக்கு மச்சான் இல்லை. மாதச் சம்பளக்காரர், பல இடங்களில் ஒப்பந்தத் தொழிலாளர், ஒரு நாளில் அடுத்தடுத்து கேஸ் பார்ப்பவர். அவருக்கு அந்த அரை நிமிஷத்தைக் கொடுக்கிறோமா? மினுங்கும் இழையைக் குப்பையில் போட்டதற்கு அவரைத் திட்டாமல் இருக்கிறோமா? கீலும் பிரம்பும் சுற்றிய காலத்திலிருந்து ஈடிஎஃப்ஈ வரைக்கும் சட்டைகளை யோசித்தவர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது கல்லுக்கு லேசர் வைக்க நாள் குறித்தால், பில்லைக் கேட்கும் அதே குரலில் இதையும் கேட்டுவையுங்கள்: இந்த இழை எத்தனையாவது முறை ஓடுகிறது, அதை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?